பாட்டி கொடுத்த கடிவாள ஸ்கார்ஃப் அசலா, அதன் கதை என்ன, இப்படிச் சேர்ப்பது பைத்தியக்காரத்தனமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். உங்கள் அம்மா பாரிஸில் வயதான ஒரு பிரெஞ்சுப் பாட்டியைப் பல வருஷம் பார்த்துக்கொண்டார். அந்தப் பாட்டி கண்ணை மூடுவதற்கு முன்னால் அம்மா கையில் ஒரு பட்டு ஸ்கார்ஃபைக் கொடுத்தார். நடுவில் எதிரெதிராக இரண்டு குதிரைக் கடிவாளங்கள், சுற்றிலும் கட்டமாக ஒரு கரை, எங்கோ ஒரு மூலையில் ஹெர்மெஸ் என்று அந்தப் பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். அசலா, கதை என்ன, இன்னும் இதுபோலச் சேர்க்க ஆசையாக இருக்கிறது, அது பைத்தியக்காரத்தனமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவதுக்கு இப்போதே பதில்: ஆமாம், பைத்தியம்தான். என்னிடம் நாற்பத்தொன்று இருக்கின்றன, அதில் புதிதாகக் கடையில் வாங்கியது ஒன்றுகூடக் கிடையாது. நான் புதுச்சேரிக்காரி. பாரிஸில் உடை திருத்தும் கடை ஒன்றில் பதினாறு வருஷம் ஊசி பிடித்தேன். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, நடுநடுவே யாராவது பணக்கார அம்மா ஓரம் பிரிந்த ஸ்கார்ஃபைக் கொண்டுவந்து கொடுப்பது என்று போன காலத்தில்தான் இந்தக் கிறுக்கு பிடித்தது. அதனால் ஓரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்கார்ஃபைப் படம் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் விரித்து ஓரத்தைப் பாருங்கள். துணியின் விளிம்பை விரலால் சன்னமாக உருட்டி, உருட்ட உருட்டக் கையால் தைத்துக்கொண்டே போயிருப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை ரூலோத்தே என்பார்கள். அந்த உருட்டல் படமுள்ள பக்கத்துக்கு மேலே ஏறி இருக்க வேண்டும், பின்பக்கம் மடிந்திருக்கக் கூடாது. தொட்டால் ஒரு சின்னக் கயிறு மாதிரி உப்பலாக இருக்கும், தையல் இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஏனென்றால் தைத்தது மனுஷி. மிஷின் தையல் என்றால் இழை பிடித்தாற்போல் ஒரே அளவில் போகும். ஓரம் தட்டையாக, மிஷினில் அடித்தது போல இருந்தால் இந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை அது போலி, அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். ஆனால் இத்தாலியக் கம்பெனிகளின் ஸ்கார்ஃப்களில் உருட்டல் பின்பக்கம்தான் இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை போட்டிருக்கிறேன், இன்னும் வயிறு எரிகிறது.

இன்னொன்று, யாராவது இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்து உருட்டலைச் சப்பையாக்கியிருக்கலாம். அசலிலும் இது நடக்கும். தைத்த நூலைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்து துணி. நமக்குப் பட்டு என்றாலே காஞ்சிபுரம்தான் மனசில் வரும், சரிகை, கனம், கையில் எடுத்தால் மொடமொடவென்று ஒரு சத்தம். இது வேறு நெசவு, ட்வில் என்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கே சரிவாக மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும், நம் ஜீன்ஸ் துணியில் இருக்கும் அதே சாய்கோடு, ஆனால் மயிரிழை அளவில். பின்பக்கத்தைத் திருப்புங்கள், நிறம் அங்கேயும் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருக்க வேண்டும். மலிவான அச்சில் பின்பக்கம் வெளிறிப் போயிருக்கும். அளவு 90 சென்டிமீட்டருக்கு 90, பழையதில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். மூலையில் நூறு சதம் பட்டு என்று ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ரொம்பப் பழையதில் சீட்டே இருக்காது, உறுத்துகிறது என்று வெட்டி எறிந்தவர்களும் உண்டு.

கடைசியாக எழுத்து. நீங்கள் சொல்லும் வடிவம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றாகத்தான் இருக்க முடியும், அதன் பெயர் துணியிலேயே இருக்கும்: பிரீட் த காலா. ஆங்கிலம் தெரிந்தவர்கள் இதை பிரைட்ஸ் என்று வாசித்து மணப்பெண் படம் எங்கே என்று தேடுவார்கள், நானும் முதலில் தேடினேன். பிரெஞ்சில் பிரீட் என்றால் கடிவாளம். விழாக்காலக் கடிவாளங்கள், அவ்வளவுதான் அர்த்தம். 1957ல் யூகோ கிரிகார் என்பவர் வரைந்தது. அவர் தன் கையெழுத்தைப் போட மாட்டார், அதனால் ஓவியர் பெயரைத் தேடிக் காணவில்லை என்று கவலைப்பட வேண்டாம். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில், 1959ல், அவர் இறந்தும் போனார். அந்தக் கம்பெனியின் ஆரம்பக்காலப் புகழ்பெற்ற வடிவங்களில் பாதி அவர் கையில் பிறந்தவை, ஆனால் வெளியே அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தங்கள் வரலாற்றிலேயே அதிகம் விற்றது இதுதான் என்று கம்பெனியே சொல்லிக்கொள்கிறது. திரும்பத் திரும்பப் புது நிறத்தில், துண்டு துண்டாக வெட்டிக் கலைத்த மாதிரி, மேலே பூப் போட்ட மாதிரி என்று வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் உலகத்திலேயே அதிகம் போலி அடிக்கப்படுகிற ஸ்கார்ஃபும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்கார்ஃபில் கடிவாளம் எதற்கு என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரெஞ்சில் முதல் எழுத்தை விழுங்கி எர்மெஸ் என்பார்கள், நாம் ஹெர்மெஸ் என்றே வைத்துக்கொள்வோம். 1837ல் தியெரி ஹெர்மெஸ் என்பவர் பாரிஸில் குதிரைக்கான தோல் சாமான்கள் செய்யும் பட்டறை ஆரம்பித்தார். சேணம், கடிவாளம், வண்டியில் பூட்டும் வார், இதெல்லாம்தான் தொழில். கார் வந்து குதிரை போனதும் அதே தோல், அதே தையலை வைத்துப் பைகள் செய்யப் போனார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து 1937ல் முதல் பட்டுச் சதுரம் வந்தது. பேரன் எமில் ஹெர்மெஸின் மருமகன் ரொபேர் த்யூமா அதை உருவாக்கினார். எமிலுக்குப் பழைய பொருள்களைச் சேர்க்கும் கிறுக்கு, நம்ம ஆள்தான். குதிரைப் பொம்மை, அங்கவடி, பழைய படங்கள், புத்தகங்கள் என்று ஓர் அறை நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அந்த அறை இன்னும் ஃபோபூர் சேன்ட் ஒனோரே தெருவில் 24ஆம் எண் கடைக்கு மேலே இருக்கிறது. அந்தச் சேகரிப்பில் இருந்த ஒரு பழைய பலகை விளையாட்டுதான் முதல் ஸ்கார்ஃபுக்கு மூலம்.

அந்த விளையாட்டு பஸ்ஸைப் பற்றியது. 1828ல் பாரிஸில் குதிரை இழுக்கும் ஆம்னிபஸ்கள் ஓட ஆரம்பித்தன. யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஏறலாம் என்பது அப்போது பெரிய அதிசயம். வெள்ளைச் சீமாட்டிகள் என்ற பெயரில் ஒரு கம்பெனியின் வண்டிகள் ஓடின. நாம் தாயக்கட்டம் ஆடுகிற மாதிரி, அதையே ஒரு ஆட்டமாக்கி விற்றிருக்கிறார்கள். ஸ்கார்ஃபில் வளையமாக வண்டிகள், நடுவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறவர்கள், பக்கத்திலேயே நல்ல ஆட்டக்காரர் தோற்றாலும் முகம் சுளிக்க மாட்டார் என்கிற தோரணையில் ஒரு வாசகம். இன்று பல நூறு யூரோ கொடுத்துக் கழுத்தில் கட்டுகிற ஒரு பொருளின் முதல் வடிவமே ஒரு டவுன் பஸ் படம் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

செய்முறையைப் பற்றி ரொம்ப நீட்ட மாட்டேன், ஆனால் ஒரு விஷயம் தெரிந்தால்தான் ஸ்கார்ஃபைப் பார்க்கவே வரும். முதலாவது மரக்கட்டை அச்சில் அடித்தது. பிறகு சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாகச் சாயத்தைத் தள்ளும் ஸ்கிரீன் முறைக்கு மாறினார்கள். வேலை நடப்பது லியோன் நகரத்துப் பக்கம், பியர் பெனீத் என்கிற ஊரில். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். முப்பது சொச்சம் நிறம் என்பது அங்கே சாதாரணம், நாற்பதைத் தாண்டியதும் உண்டு. ஓவியர் கொடுத்த படத்தை எந்தப் புள்ளி எந்தச் சட்டத்துக்குப் போக வேண்டும் என்று பிரிப்பவர் நூற்றுக்கணக்கான மணி நேரம் உட்காருவார். முகமோ தோலோ வரும் இடத்தில் உயிரே போகும், ஒரு கன்னத்துக்கு மட்டும் ஏழெட்டு நிறம் தேவைப்படலாம். அப்புறம் அந்த நீளமான மேசையில் பட்டை விரித்து, சட்டத்தை ஒன்றன் பின் ஒன்றாக வைத்து, ஒரு மயிரிழைகூட நகராமல் அடிக்க வேண்டும். உங்கள் ஸ்கார்ஃபில் ஒரு கொக்கியையோ வாரையோ பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கறுப்புக் கோட்டுக்கும் உள்ளே இருக்கும் நிறத்துக்கும் நடுவில் வெள்ளை இடைவெளி தெரிகிறதா, நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறதா? போலிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். ஆவியில் வைத்துச் சாயம் பிடிக்க வைத்து, அலசி, வெட்டி, கடைசியாக அந்த ஓரம் தைக்கும் வேலை. நான் தைத்துப் பார்த்திருக்கிறேன். நாலு பக்கமும் முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, கட்டைவிரல் நகத்தடியில் ரத்தம் கட்டியது. அங்கே வேலை செய்கிற பெண்கள் அதில் பாதி நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

இனி எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். என்னிடம் கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு வாங்கிய ஸ்கார்ஃப் ஒன்று உண்டென்றால் அது கெர்மிட் ஆலிவர் வரைந்தது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துக் கறுப்பினத்தவர், 1943ல் ரெஃப்யூஜியோ என்கிற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா மாட்டுப் பண்ணையில் குதிரையேறி மாடு மேய்த்தவர். மகன் ஓவியம் படித்தார், நன்றாக வரைந்தார். ஆனால் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக வேக்கோ நகரத்துத் தபால் நிலையத்தில் ராத்திரி ஷிப்டில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தார். 1980களின் தொடக்கத்தில் ஹெர்மெஸின் தலைவராக இருந்த ழான் லூயி த்யூமா அமெரிக்கத் தென்மேற்குப் பகுதியை வைத்து ஒரு ஸ்கார்ஃப் வேண்டும் என்று நினைத்தார். டல்லாஸில் பெரிய கடை நடத்திய மார்க்கஸ் குடும்பத்தைச் சேர்ந்த லாரன்ஸ் மார்க்கஸ், இந்தத் தபால்காரரைக் கேட்டுப் பாருங்கள் என்றார். முதலில் வந்தது பானி லா ஷார் பானி, அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒன்றான பானி இனத்தின் தலைவர் ஒருவரின் உருவம், சுற்றிலும் அந்த மக்களின் வாழ்க்கை. அந்தக் கம்பெனிக்கு வரைந்த முதல் அமெரிக்கர் அவர்தான்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்குள் பதினாறு, பதினேழு ஸ்கார்ஃப் வரைந்தார். ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் இழுக்கும், வாட்டர் கலரில் இம்மி இம்மியாக வரைந்து பாரிஸுக்கு அனுப்புவார். அனுப்பிவிட்டு ராத்திரி வேலைக்குப் போவார். பாரிஸிலும் டோக்கியோவிலும் பெண்கள் அவர் படத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள், இவர் வேக்கோவில் கடிதங்களைப் பின்கோடு பார்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வரிசையில் போனி எக்ஸ்பிரஸ் என்று ஒன்று உண்டு. 1860ல் குதிரைமேல் தபால் கொண்டுபோக ஆரம்பித்து ஒன்றரை வருஷத்தில் இழுத்து மூடப்பட்ட சேவை அது. தபால்காரரே தபால் குதிரையை வரைந்தார், அந்தப் படம் கடிவாளம் தைத்துப் பிழைத்த கம்பெனியின் ஸ்கார்ஃபில் அச்சானது. இதையெல்லாம் யாராவது கற்பனையாக எழுதினால் ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே, நம்ப முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

இன்னொருவர் ஆனி ஃபேவ்ர். இவர் வரையும் ஸ்கார்ஃபில் எங்காவது ஒரு குரங்கை ஒளித்து வைப்பார், அதுதான் அவருடைய முத்திரை. இலைகளுக்கு நடுவிலோ ஒரு ஜாடி ஓரத்திலோ உட்கார்ந்திருக்கும். கடைக்கு ஒருமுறை வந்த ஒன்றில் ஓரம் தைத்து முடித்த பிறகும் குரங்கைத் தேடிக்கொண்டிருந்தேன், அந்த அம்மா வந்து ஸ்கார்ஃபை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் கண்ணில் பட்டது. பத்து வருஷமாகக் கட்டுகிறேன், எனக்கே தெரியாதே என்றார் அவர்.

அதற்காக ஒரே கம்பெனியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். உண்மையைச் சொன்னால், பணமும் அங்கேதான் கரையும், போலிக்காரர்களும் அங்கேதான் குவிகிறார்கள். கதை வேண்டுமென்றால் மற்ற இடங்களிலும் தேடலாம், அங்கே விலையும் குறைவு.

இங்கிலாந்தில் போர்க்காலத்தில் ஜாக்மர் என்கிற கம்பெனி ஸ்கார்ஃப் அடித்தது, வரைந்தவர் ஆர்னால்ட் லீவர். 1941ல் அங்கே துணிக்கே ரேஷன் வந்தது, ஆளுக்கு வருஷத்துக்கு 66 கூப்பன். லீவர் போர்க்கால வாசகங்களையும் சிப்பாய்களையும் மட்டுமல்ல, அந்தக் கூப்பன்களையே ஸ்கார்ஃபில் வரைந்துவிட்டார். புதுத் துணி வாங்க வழியில்லை, அந்த வயிற்றெரிச்சலைத் தலையில் கட்டிக்கொள்ளலாம். எனக்கு இந்த ஆங்கிலேய நக்கல் ரொம்பப் பிடிக்கும்.

அதே போரில் ஸ்கார்ஃப் மாதிரியே இருக்கும் இன்னொரு பொருள் உண்டு, தப்பிப்பதற்கான வரைபடம். எதிரி நாட்டில் விமானம் விழுந்தால் விமானி நடந்தே எல்லைக்கு வர வேண்டும், காகித வரைபடம் சரசரக்கும், நனைந்தால் கூழாகும். அதனால் எம்ஐ9 என்கிற பிரிட்டிஷ் ரகசியப் பிரிவு பட்டில் அச்சடித்துச் சட்டை மடிப்புக்குள் வைத்துக் கொடுத்தது. முதலில் மை பரவி வீணாகிக்கொண்டிருந்தது, ஜாம் உறைவதற்குச் சேர்க்கும் பெக்டினை மையில் கலந்ததும் கோடு நின்றது. அடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் வாடிங்டன், இங்கிலாந்தில் மோனபொலி விளையாட்டு தயாரித்த அதே கம்பெனி. போர் முடிந்து மிஞ்சியதை விற்றபோது பெண்கள் வாங்கி ஸ்கார்ஃபாகவும் உடுப்பாகவும் தைத்துக்கொண்டார்கள். சந்தையில் கசங்கிய மேப் துணி ஒன்று கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஓவியம் பிடிக்கும் என்றால் ஆஷர் என்கிற பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சீகா ஆஷர், லீடா ஆஷர் என்று பிராக் நகரத்துத் தம்பதி. 1939ல் தேனிலவுக்கு நார்வே போயிருந்தபோது ஹிட்லர் படை ஊரைப் பிடித்துவிட்டது. திரும்ப முடியாமல் லண்டனில் தங்கித் துணித் தொழில் ஆரம்பித்தார்கள். போர் முடிந்ததும் சீகா நேராக ஓவியர்களிடம் போய் ஸ்கார்ஃபுக்குப் படம் கேட்டார். மத்தீஸ் வரைந்து கொடுத்தார், ஹென்றி மூர் கொடுத்தார், கொக்தோ கொடுத்தார். 1947ல் லண்டனில் லெஃபெவ்ர் கேலரியில் அவற்றைச் சட்டம் போட்டு ஓவியம் மாதிரியே மாட்டினார்கள். இதன் விலை இப்போது நம் கைக்கு எட்டாது, ஆனால் சாதாரணப் பூப்போட்ட ஆஷர் துணிகள் எப்போதாவது சிக்கும்.

இத்தாலியக் கம்பெனியான கூச்சியின் ஃப்ளோரா ஸ்கார்ஃப் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி 1966ல் மிலான் கடைக்கு வந்தார், அவருக்குப் பூப்போட்ட ஸ்கார்ஃப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று ரொதோல்ஃபோ கூச்சி நினைத்தார், மனசுக்குப் பிடித்தது கடையில் இல்லை, ஓவியர் வித்தோரியோ அக்கோர்னேரோவை வரையச் சொன்னார். நாலு பருவத்துப் பூக்களும் ஒரே துணியில், 37 நிறம். அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் பணக்கார வீட்டுக் கல்யாணத்து மேடை அலங்காரம் மாதிரி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் திணறும். இதே கிரேஸ் கெல்லி கை அடிபட்டபோது ஹெர்மெஸ் ஸ்கார்ஃபைத் தூளியாகக் கட்டிக்கொண்டு ஒரு படகில் இருந்த படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் வேறு: வேரா. அமெரிக்கக்காரர், வேரா நாய்மன். மேசை விரிப்புகள் அச்சடித்துக்கொண்டிருந்தவர், லினன் கிடைக்காத போர்க்காலத்தில் ராணுவக் கழிவுச் சாமான் கடையில் பாராசூட் பட்டைப் பார்த்து வாங்கி ஸ்கார்ஃபுக்கு மாறினார். எல்லாவற்றிலும் தன் பெயரைப் பெரிதாகக் கையெழுத்திடுவார், பல காலம் பக்கத்தில் ஒரு பொட்டு வண்டும் இருக்கும். லட்சக்கணக்கில் விற்றவர் என்பதால் இன்னும் சந்தைகளில் சல்லிசாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை, பட்டு என்று விற்பதில் பாதி பாலியெஸ்டர், சீட்டைப் படியுங்கள்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என் அண்ணன் கேட்பார். சதுரமாக வெட்டி உலகத்தின் கழுத்தில் கட்டியதில் நாம் முந்தி. ஆனால் அது பருத்தி. பழவேற்காட்டிலிருந்து போன கட்டம் போட்ட கைக்குட்டைகளை பிரெஞ்சு வியாபாரிகள் ஊர் பெயரை வைத்தே பலியகாத் என்றார்கள், ஆங்கிலத்தில் புலிகட். கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் துணிக்கு இன்றைக்கும் மத்ராஸ் என்றுதான் பெயர். சோழமண்டலக் கரையின் அச்சுத் துணிகள் பிரான்சில் எப்படிப் பித்துப் பிடிக்க வைத்தன என்றால், உள்ளூர் நெசவாளர்கள் பிழைக்க வேண்டுமே என்று 1686ல் அரசாங்கம் தடையே போட்டது, 1759 வரை எடுக்கவில்லை. அந்தப் பூத்துணியை இங்கே இந்தியென் என்பார்கள், அதே பூக்கள் இன்றும் பாரிஸ் ஸ்கார்ஃப்களின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். 2011ல் ஹெர்மெஸ் மும்பையில் கடை திறந்த வருஷம் தன் ஸ்கார்ஃப் வடிவங்களை வைத்துக் கொஞ்சம் சேலைகளும் போட்டுப் பார்த்தது. நம்மிடம் வந்து சேலை விற்கிறார்களே என்று எங்கள் கடையில் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சரி, உங்கள் ஸ்கார்ஃபுக்கு வருவோம். தயவுசெய்து துவைக்காதீர்கள். என்னுடைய மூன்றாவது ஸ்கார்ஃப், வெள்ளைத் தரையில் சிவப்புக் கரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் பதினைந்து யூரோவுக்குக் கிடைத்தது. மூலையில் ஒரு காபிக் கறை. பட்டுப் புடவை அலசிய கைதானே என்று குளிர்ந்த நீரில் முக்கினேன். முதல் அரை நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் கரையிலிருந்து சிவப்பு புகை மாதிரிக் கிளம்பி மெதுவாக நடுவுக்கு வந்தது. வெளியே எடுத்தேன், பிழிந்தேன், அதுதான் இரண்டாவது தப்பு, மடிப்பு மடிப்பாகச் சாயம் அழுந்திவிட்டது. காபிக் கறை மட்டும் அப்படியே இருந்தது. இப்போது அது ரோஜா நிறத்தில் ஊசிப் பெட்டிக்கு உறை. பழைய சிவப்பும் கடல் நீலமும் நம்ப முடியாதவை, பட்டுத் துணி பார்த்துப் பழகிய சலவைக்காரரிடம் கொடுங்கள், கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் பின்பக்கம், குறைந்த சூடு, மேலே ஒரு வெள்ளைத் துணி, ஓரத்துக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். பீரோவில் ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் மடிப்பு வழியாகப் பட்டு விட்டுவிடும், நம் புடவைகளை அம்மா வெயில் காட்டி மாற்றி மடிப்பது எதற்கோ அதற்குத்தான் இதுவும், ஆனால் இதற்கு வெயில் கூடாது, நிழல் போதும். அந்துருண்டை வாசனை ஏறினால் போகவே போகாது. கட்டிக்கொண்டு சென்ட் அடிக்காதீர்கள், அடித்துக் காய்ந்த பிறகு கட்டுங்கள்.

வாங்குவதைப் பற்றி: பாரிஸில் இருக்கிறீர்கள், அது பாதி அதிர்ஷ்டம். சனி ஞாயிறு காலையில் வான்வ் பழம்பொருள் சந்தைக்குப் போங்கள், சீக்கிரம் போங்கள், பத்து மணிக்கு மேல் நல்லதெல்லாம் போயிருக்கும். தெருவாசிகள் பரணைக் காலி பண்ணும் வீத் கிரெனியே நாள்களில் இன்னும் நல்லது, பாட்டிகளே உட்கார்ந்து விற்பார்கள். அவர்களிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், இதை எப்போது கட்டினீர்கள் என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டு வாங்கியவற்றில் ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி ஸ்கார்ஃபோடு வைத்திருக்கிறேன். ஒன்று தங்கையின் கல்யாணத்துக்குக் கட்டியது, ஒன்று கணவர் சண்டை போட்டு மறுநாள் வாங்கிவந்தது, ஒன்று பஸ்ஸில் கண்டெடுத்தது என்று அந்த அம்மாவே கூசாமல் சொன்னார்.

இணையத்தில் வாங்கினால் ஓரம், பின்பக்கம், எழுத்து மூன்றுக்கும் கிட்டத்தில் எடுத்த போட்டோ கேளுங்கள், கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். அட்டைப்பெட்டி இருக்கிறது என்பது எதற்கும் சாட்சியில்லை, காலிப் பெட்டியைத் தனியாக விற்கிறார்கள். ஒரே வடிவம் எத்தனையோ வருஷம் எத்தனையோ நிறத்தில் வந்திருக்கும் என்பதால், 1957 வடிவம் என்று யாராவது சொன்னால் துணியும் 1957 என்று அர்த்தமில்லை. உங்கள் பாட்டியின் ஸ்கார்ஃபுக்கும் இது பொருந்தும்.

அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள், பாட்டி இதைக் கழுத்தில் கட்டுவாரா, தலையில் முக்காடாகவா, இல்லை கைப்பையின் பிடியிலா? முடிச்சு விழுந்த இடத்தில் பட்டு கொஞ்சம் பஞ்சடைந்து மங்கியிருக்கும், முடிச்சின் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். கரையின் நிறம் என்ன, கடிவாளத்துக்குப் பின்னால் தரை வெள்ளையா வேறு நிறமா, ஓரத்தின் கிட்டத்துப் படம் ஒன்று, இவ்வளவையும் அனுப்புங்கள். எந்தக் காலத்தது என்று ஒரு பத்து வருஷ இடைவெளிக்குள் சொல்லப் பார்க்கிறேன்.